வழிகாட்டியோடு வந்த தலைப்பிள்ளை

போகிள்ஸ், கேரியக்கூ
மே 11

மதிப்பிற்குரிய சுற்றுலாப் பயணி அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் துணைவியாரும் ஹட்டர்ஸ்ஃபீல்டுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சின்னத் தீவு தங்களுக்குப் பிடித்திருந்ததா? வெயில் தாங்க முடிந்ததா? எங்கள் சாப்பாடு தங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா?

கடிதம் முழுவதையும் இப்படியே எழுதி முடித்துவிட வேண்டும் என்று வீறாப்பாகத்தான் உட்கார்ந்தேன் அண்ணா. நான்கு வரிக்கு மேல் வரவில்லை. நடிப்பெல்லாம் உனக்குத்தான் கைவந்தது. எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டு வாரமாக வருகிறது. பாத்திரம் கழுவும்போது வருகிறது, கோவிலில் மண்டியிடும்போதும் வருகிறது. அதனால் எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

மார்ச் மாதம் நீ எனக்கு எழுதியது என்ன? ஆலையில் லீவு கிடைக்காது, ஆள் பற்றாக்குறை, நான் இல்லாமலே அம்மாவின் கல்லை வைத்துவிடுங்கள், மன்னித்துக்கொள். இவ்வளவுதான். சரி, லீவு கிடைக்கவில்லை. அப்படியானால் நம் வீட்டு முற்றத்தில், புளியமரத்தடியில், முழங்கால் வரை கால்சட்டையும் வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றது யார்? உன் ஆவியா? ஆவி என்றால் சொல்லிவிடு, உனக்கும் ஒரு கல் சொல்லி வைக்கிறேன்.

ஜனவரியில் நான் எழுதிய கடிதத்தை நீ ஒழுங்காகப் படித்தாயா என்றே இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒலிவ் அக்காவின் கனவில் அம்மா வந்தாள் என்று எழுதியிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என் கல்லு எங்கடி? எட்டு வருசமா வெறும் மண்ணுக்கடியில கெடக்கேன். நான் பெத்தது ரெண்டும் செத்துப்போச்சா என்ன?" என்று கேட்டாளாம். என் கனவில் வந்து கேட்டிருந்தால் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பேன். அடுத்த வீட்டுக்காரியின் கனவில் போய்க் கேட்டுவிட்டாள். ஒலிவ் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? ரொட்டி வாங்கப் போன வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போய், திரும்பி வருவதற்குள் போகிள்ஸ் முழுவதும் அகஸ்டாவின் பிள்ளைகள் செய்த துரோகத்தைப் பற்றித்தான் பேச்சு.

கூரையில் பாதி இன்னும் நீலத் தார்ப்பாயாகத்தான் இருக்கிறது. போன வருடப் புயலுக்குப் பிறகு வந்த தகரம் சமையல்கட்டோடு நின்றுவிட்டது. ஆனாலும் தாய் கேட்ட பிறகு தள்ளிப்போட முடியுமா? ஏப்ரல் கடைசி வாரத்தை நான் சும்மா குறிக்கவில்லை. அது உன் பிறந்த நாள் வரும் வாரம். அறுபது நிறைகிறது. பிறந்த நாளைச் சாக்காக வைத்தாவது ஓடி வருவாய், அம்மாவுக்குக் கல்லும் ஆயிற்று, தலைப்பிள்ளைக்கு ஒரு கேக்கும் ஆயிற்று என்று ஆசைப்பட்டேன். நீ வந்தாய். அதே வாரத்தில் வந்தாய். என் ஆசை இவ்வளவு கேவலமாக நிறைவேறும் என்று நான் நினைக்கவில்லை.

உன் வழிகாட்டிப் பெண் ஷெர்மா, கிரனடாவிலிருந்து வந்த பெரிய தீவுக்காரி, அன்றைக்கு வாசலில் நின்று தன் கூட்டத்துக்கு, அதாவது உனக்கும் உன் மனைவிக்கும், விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மேளம் அடிப்பது மழை வேண்டியாம். கல்லைக் கட்டிலில் கிடத்தியிருப்பது வீட்டில் மேசை இல்லாததாலாம். நீ தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாய். நானும் ஒரு விளக்கம் சொல்கிறேன், கேள். இறந்தவருக்குக் கல் வரும்போது அது கல் இல்லை, ஆள்தான். அதனால்தான் அதைக் கட்டிலில் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். அப்பாவின் கல் வந்தபோது அதன் பக்கத்தில் நீ படுத்துத் தூங்கிப்போய், அம்மா உன்னைக் காதைப் பிடித்து எழுப்பினாள். பிறகு பெற்ற பிள்ளைகள் வரிசையாக வந்து தண்ணீரும் ரம்மும் தெளிக்க வேண்டும். தலைப்பிள்ளை முதலில். அது நடந்தால்தான் போனவர் அடங்குவார். இது உனக்குத் தெரியாதா? இதைக் கேட்க ஒரு வழிகாட்டி வேண்டியிருந்ததா?

வெள்ளை வேன் வந்து நின்றபோது நான்தான் முதலில் பார்த்தேன். நீ இறங்கினாய். தொப்பியும் கண்ணாடியும் போட்டால் ஆள் மாறிவிடுமா? வலது தோளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அந்த நடை இந்த ஊரில் அப்பாவுக்கும் உனக்கும் மட்டும்தான். நீ கடைசியாக வந்து போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பொய் சொல்லிவிட்டு எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த சோளமாவைத் துடைக்காமல்கூட ஓடி வந்தேன். நான் கத்தியிருந்தால் ஊரே கூடியிருக்கும். கத்துவதற்குள் ஷெர்மா முந்திக்கொண்டாள். "இவங்கதான் இந்த வீட்டுக்காரம்மா. இவங்க ரெண்டு பேரும் இங்கிலாந்துலேருந்து வந்த விருந்தாளிங்க" என்றாள்.

நீ கையை நீட்டினாய். "உங்களைச் சந்திச்சதுல ரொம்ப சந்தோசம்" என்றாய்.

என்னிடம். உன் எச்சில் மாங்காயைத் தின்று வளர்ந்த என்னிடம். அந்தக் கையை அப்படியே முறுக்கியிருக்க வேண்டும். பக்கத்தில் அந்த வெள்ளைக்காரம்மா வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தாள். உன் கண்ணாடிக்குள்ளே கண் எங்கே பார்த்தது என்று தெரியவில்லை. கை மட்டும் சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சியில்தான் எனக்குப் புரிந்தது, இது விளையாட்டு இல்லை என்று. "வாங்க சார், வாங்க மேடம். எல்லாருக்கும் பொதுவான சாப்பாடுதான், கூச்சப்படாம உக்காருங்க" என்று நானும் சொன்னேன். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். அத்தனை பேருக்கும் உன்னைத் தெரிந்திருந்தது. யாரும் யாரிடமும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ஊர் முழுவதும் உன்னை சார் ஆக்கிவிட்டது. நீ கேட்டதைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர்க்காரர்கள் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். சும்மா விடுவார்களா? ஒலிவ் அக்கா உன் தட்டில் சோறு வைக்கும்போது கரண்டியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். "சாருக்கு உருட்டின சோறு பழக்கமிருக்காது. பாத்துத் தின்னுங்க. இந்த வீட்டுல ஒரு பையன் இருந்தான் சார், ஒரே மூச்சுல ஆறு உருண்டை முழுங்குவான். அகஸ்டா தன் தட்டுல இருக்கறதையும் எடுத்து அவனுக்கே போடுவா. கடலைத் தாண்டிப் போனான். அங்க என்னத்தத் தின்னானோ, நாக்கு விழுந்துபோச்சாம். பேச்சே வரலைன்னு கேள்வி." உன் மனைவி பாவம், நம் ஊர்ப் பேச்சு பிடிபடாமல் ஷெர்மாவைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பையனுக்கு வைத்தியம் பார்த்தார்களா என்று விசாரித்தாள். "எங்கம்மா பாக்குறது? இந்த வியாதிக்கு ஊருக்குத் திரும்பி வந்தாத்தான் மருந்து" என்று ஒலிவ் அக்கா ஒரு உருண்டையை உன் தட்டில் தொப்பென்று போட்டாள். நீ தலை குனிந்து தின்றாய். ஆறும் தின்றாய். நான் எண்ணவில்லை, அவள் எண்ணிச் சொன்னாள்.

பிறகு ரம் கொடுத்தார்கள். அங்கேதான் நீ மாட்டிக்கொண்டாய். கோப்பையை வாங்கினாய், உன் கை தன்பாட்டுக்குச் சாய்ந்து மூன்று சொட்டைத் தரையில் விட்டது. அதற்குப் பிறகுதான் உதட்டுக்குக் கொண்டுபோனாய். போனவர்களுக்குக் கொடுக்காமல் குடிக்க நம் கைக்குத் தெரியாது. அதை எந்த வழிகாட்டியும் உனக்குச் சொல்லவில்லை. உன் மனைவி கை தட்டினாள். "பாருங்க, எவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டார்!" என்று பூரித்துப்போனாள். மேளக்காரர்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சமையல்கட்டுக்குப் போய் அழுதேன்.

அங்கேதான் உன் மனைவி வந்தாள். ஏதாவது உதவி செய்யட்டுமா என்று, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். விருந்தாளியை வேலை வாங்குவதா என்று நான் தயங்க, அவளே கையைக் கழுவிக்கொண்டு, சுரைக்குடுக்கையை எடுத்து, நான் உருட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் சோற்றை அதில் போட்டு உருட்ட ஆரம்பித்தாள். உருண்டை எல்லாம் கோணல். அவள் பெயர் ஜில்லியன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். உனக்குக் கல்யாணம் ஆகி ஆறு வருடம் என்பதும் அப்போதுதான் தெரியும். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போன் பண்ணுகிறாயே, "உடம்பு எப்படி, மழை எப்படி" என்று கேட்கிறாயே, ஆறு கிறிஸ்துமஸில் ஒன்றிலாவது இந்தச் சேதிக்கு இடமில்லையா?

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். நீயும் கேட்டுக்கொள்.

"என் வீட்டுக்காரர் பொறந்தது கிரனடாவுலதாங்க. ஆனா அவருக்குன்னு அங்க யாருமே இல்லை. அம்மா அவர் சின்னப் புள்ளையா இருக்கும்போதே போயிட்டாங்களாம். கூடப் பொறந்தவங்களும் கிடையாது. எந்த ஊருன்னுகூடச் சரியா ஞாபகம் இல்லைங்கறார். இந்தச் சின்னத் தீவுக்கு அவர் வந்ததே இல்லையாம். பொறந்த மண்ணை ஒரு தடவை அவருக்குக் காட்டிடணும்னு எனக்கு ஆசை. அவருக்குத் தெரியாம எல்லாத்தையும் நானே ஏற்பாடு பண்ணினேன். வேன், வழிகாட்டி, தங்கற இடம், ஆலையில அவர் லீவு எல்லாம். அறுபதாம் பொறந்த நாள் பரிசு. விமான நிலையத்துலதான் சொன்னேன். சந்தோசத்துல அவருக்குப் பேச்சே வரலை."

சந்தோஷத்தில்! அந்த அப்பாவிக்கு யார் எடுத்துச் சொல்வது?

அவள் பேசிக்கொண்டே அழுதாள் அண்ணா. உனக்காக அழுதாள். யாருமே இல்லாத அனாதையாக வளர்ந்தாயாம், அதனால்தான் நீ சில நாள் பேசாமல் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறாயாம். நான் வாயைத் திறந்தேன். "அவன் அம்மா உள்ளே கட்டிலில் இருக்கிறாள், தங்கச்சி உன் எதிரில் நிற்கிறாள்" என்று சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தேன். அவள் கையெல்லாம் நம் வீட்டுச் சோறு ஒட்டியிருந்தது. அந்த நிலையில் ஒரு பெண்ணிடம் உன் புருஷன் புளுகன் என்று எப்படிச் சொல்வது? "இன்னும் கொஞ்சம் அழுத்தி உருட்டுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று இரவும் பகலும் யோசித்துப் பார்க்கிறேன். அம்மாவின் அடக்கத்துக்கு வராமல் போனாய். அந்த வெட்கத்தில் அவளிடம் அம்மா எப்போதோ போய்விட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாய். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற என்னையும் கொன்றாய், ஊரையும் கொன்றாய். இல்லை, தார்ப்பாய் போட்ட வீட்டைச் சொந்தம் என்று சொல்ல வெட்கமா? எதுவாக இருந்தாலும் எழுது. உன்னிடமிருந்து ஒரு அசிங்கமான உண்மை வந்தால்கூட எனக்கு இப்போது ஆறுதலாக இருக்கும்.

கல்லைக் குழிமேட்டுக்கு எடுத்துப்போய்ப் பதித்தார்கள். நீயும் பின்னாலேயே வந்து, கூட்டத்துக்கு வெளியே, கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் அதிர்ஷ்டம், உனக்கு அப்பாவின் குடும்பப் பெயர், கல்லில் இருப்பது அம்மாவின் பெயர். இல்லாவிட்டால் அகஸ்டா குவாஷியே உன்னைக் காட்டிக் கொடுத்திருப்பாள். ஃபெஸ்டஸ் மாமா தண்ணீரையும் ரம்மையும் கல்லின் தலைமாட்டில் வைத்துவிட்டு, மேளத்தை நிறுத்தச் சொன்னார். அம்மாவைவிட மூத்த மனிதர், அம்மா இருந்தபோதே அவருக்குக் கண் சரியில்லை. ஆனால் நீ நிற்கும் திசை அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, "அகஸ்டாவோட தலைப்பிள்ளை வந்து ஊத்தணும்" என்று கூப்பிட்டார்.

ஒருவரும் உன்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு பேர் உனக்கு வழிவிட்டார்கள் அண்ணா. நீ நாலடி எடுத்து வைத்திருந்தால் போதும். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள், நானும் கேட்டிருக்க மாட்டேன், சத்தியமாக. மாமா இரண்டாவது தடவை கூப்பிட்டார். நீ கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாய். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஓடிப்போயிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

மாமா மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். அதற்கும் யாரும் வராவிட்டால் தலைப்பிள்ளை இறந்துவிட்டதாக எண்ணி அடுத்த பிள்ளை ஊற்ற வேண்டும். அந்த அடுத்த பிள்ளை நான். நான் போகவில்லை. நான் ஊற்றினால் உன்னையும் சேர்த்துப் புதைத்தது போல ஆகிவிடும். அப்போது ஜில்லியன் ஷெர்மாவின் காதில் ஏதோ கேட்டாள். ஷெர்மா தயங்கித் தயங்கி, "மேடம் கேக்கறாங்க, விருந்தாளிங்களும் ஊத்தலாமா?" என்றாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. மாமா என் பக்கம் திரும்பினார். எனக்கு உன்மேல் இருந்த ஆத்திரத்துக்கு, கூடாது என்று கத்தியிருக்க வேண்டும். ஆனால் தலை தானாக ஆடிவிட்டது. "அவ சரின்னுட்டா" என்று ஒலிவ் அக்கா மாமாவுக்குச் சொன்னாள்.

ஜில்லியன் தொப்பியைக் கழற்றி உன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். குழிமேட்டுச் செம்மண்ணில் மண்டியிட்டாள், வெள்ளைக் கால்சட்டை பாழாவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முதலில் தண்ணீர், பிறகு ரம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே சரியாகச் செய்தாள். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. உங்க வீட்டுச் சோத்தை உருட்ட விட்டீங்க. நல்லா இருங்க" என்று கல்லைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். ஷெர்மா அதை எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள்.

ஃபெஸ்டஸ் மாமா நிமிர்ந்து நின்றார். அந்தக் கிழட்டு உடம்பில் அவ்வளவு பெரிய குரல் எங்கேதான் இருந்ததோ. "தலைப்பிள்ளை வீட்டுலேருந்து ஊத்தியாச்சு!" என்றார். ஊரே, "ஊத்தியாச்சு!" என்றது. மேளம் முழங்கியது. ஜில்லியன் அது ஏதோ வழக்கமான மந்திரம் என்று நினைத்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். உனக்குத் தெரியும் அது மந்திரம் இல்லை என்று. நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாய். மாமா உன்னைச் சுலபமாக விட்டுவிட்டார் என்று எனக்கு அவர்மேலும் இன்றுவரை கோபம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷெர்மா படகேறித் தனியாக என்னைப் பார்க்க வந்தாள். படகுத்துறையில் யாரோ அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். வாசலிலேயே நின்று அழுதாள். "எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா உங்க அம்மா காரியத்தை இப்படி வேடிக்கை காட்டக் கூட்டிட்டு வருவேனா?" என்றாள். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? அவள் வேலையை அவள் செய்தாள். மழைக்கு மேளம் அடிப்பதாகச் சொன்னதற்கு மட்டும் இரண்டு திட்டு திட்டி, உட்கார வைத்துச் சாப்பாடு போட்டேன்.

அவள்தான் உன் பவனியைப் பற்றி எல்லாம் சொன்னாள். பெரிய தீவின் ஏரிக்கரையில் அவள் ஏதாவது தப்பாகச் சொன்னால் உனக்கு இருமல் வருமாம். ஜாதிக்காய்க் கிடங்கில் நீ ஒரு காயை எடுத்து விரலால் தட்டிப் பார்த்து இது சொத்தை என்று ஒதுக்கி வைத்தாயாம், கிடங்குக்காரனே அசந்துபோனானாம். கேரியக்கூவுக்குக் கப்பல் ஏறும் நேரத்தில் வயிற்று வலியாம் உனக்கு. பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத நாளெல்லாம் வந்த அதே வயிற்று வலியாகத்தான் இருக்கும். ஜில்லியன் மாத்திரை கொடுத்து ஏற்றிவிட்டாளாம். இங்கே விருந்து என்று தெரிந்ததும், கடலுக்குள் இருக்கிற மணல்திட்டில் போய்க் குளிக்கலாமே என்று கெஞ்சினாயாம். குளிக்க எப்போது வேண்டுமானாலும் போகலாம், இது கிடைக்காது என்று அவள் பிடிவாதம் பிடித்தாளாம். நல்ல பெண். உனக்கு வாய்த்திருக்க வேண்டாத நல்ல பெண்.

ஷெர்மா இன்னொன்றும் சொன்னாள். நீங்கள் கிளம்பும் அன்று விடியும்போது உன்னைக் காணவில்லையாம். கப்பலுக்கு நேரமாகும்போது வந்தாயாம். கடற்கரையில் நடந்துவிட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொன்னாயாம். "கடக்கரையில ஏதுக்கா செம்மண்ணு? அவர் செருப்பெல்லாம் செம்மண்ணு" என்றாள் ஷெர்மா. அவள் போன பிறகு நான் அம்மாவிடம் போய்ப் பார்த்தேன். இடையில் மழை பெய்துவிட்டது. கல்லில் ஊற்றிய தடம் எதுவும் தெரியவில்லை. அங்கேதான் போனாயா? போயிருந்தால் அம்மா ஏற்றுக்கொண்டிருப்பாள், அவளுக்கு நீ செய்ததெல்லாம் சரிதான். எனக்கு அது போதாது. நான் உயிரோடு இருக்கிறேன். என்னிடம் வாயைத் திறந்துதான் சொல்ல வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது ஜில்லியன் ஒரு தாளில் உங்கள் வீட்டு விலாசத்தை எழுதி ஷெர்மாவிடம் கொடுத்திருக்கிறாள். தான் யாருக்கு ஊற்றினாள், அந்த அம்மா யார், எப்படி வாழ்ந்தார், தனக்கு எழுதச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்த விலாசத்தைப் பார்த்ததும்தான், இத்தனை வருடமாக ஏன் கடிதங்களை எல்லாம் நீ போகிற கிளப்பின் விலாசத்துக்கே எழுதச் சொன்னாய் என்று எனக்கு விளங்கியது. அங்கே கடிதம் தொலையாது என்றாயே. ஆமாம், தொலையாது. வீட்டுக்கும் வராது.

கேட்டவளுக்குப் பதில் எழுதாமல் இருக்க முடியாது. அவள் நம் அம்மாவுக்கு ஊற்றியவள். பொய் எழுதவும் என்னால் முடியாது. அதனால் எழுதிவிட்டேன். பயப்படாதே, வீட்டு விலாசத்துக்கு அனுப்பவில்லை. இந்த உறைக்குள்ளேயே தனியாக மடித்து வைத்திருக்கிறேன், ஒட்டவில்லை, நீ படித்துக்கொள்ளலாம். கிழித்துப் போட நினைத்தால் போடலாம், எனக்குத் தெரியவும் போவதில்லை. ஆனால் கொடுப்பதென்றால் உன் கையால் கொடு. மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடாதே. அவள் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நில்.

வலது காதில் குளிர் படாமல் பார்த்துக்கொள், உனக்கு அங்கேதான் முதலில் வலிக்கும். கர்த்தர் உன்னைக் காக்கட்டும். நான் திட்டியதை எல்லாம் மனதில் வைத்துக்கொள், ஒன்றையும் மறக்காதே. பிறந்த நாள் வாழ்த்துகள் அண்ணா. அன்றைக்குச் சொல்ல நீ விடவில்லை.

உன் ஒரே தங்கை,
வெல்மா

(உள்ளே மடித்து வைத்தது)

அன்புள்ள அண்ணிக்கு,

வெல்மா எழுதுவது. சமையல்கட்டில் உங்களோடு சோறு உருட்டியவள். நீங்கள் உருட்டிய கோணல் உருண்டைகளைத்தான் முதியவர்கள் முதலில் எடுத்துக்கொண்டார்கள், இதை உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அந்தக் கல்லுக்குரியவள் பெயர் அகஸ்டா. படகுப் பாய் தைப்பாள். இந்தக் கரையிலிருந்து போன படகுகளில் பாதி அவள் தையலில்தான் போயின. கோபம் வந்தால் பாடுவாள், சந்தோஷம் வந்தால் திட்டுவாள், அதனால் புதியவர்களுக்கு அவளிடம் எப்போதும் குழப்பம். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள், முன்பல் ஒன்று இல்லை. யார் வந்தாலும் சாப்பிடாமல் அனுப்ப மாட்டாள். நீங்கள் மண்ணில் மண்டியிட்டதைப் பார்த்திருந்தால், கால்சட்டையைக் கழற்றிக் கொடு, துவைத்துத் தருகிறேன் என்று சண்டைக்கு வந்திருப்பாள்.

அவள் சின்ன வயதில் சாகவில்லை. எட்டு வருடத்துக்கு முன்புதான் போனாள், எழுபத்தொன்பது வயதில். கடைசி வாரத்தில் வேலிப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டால் போதும், வந்துவிட்டான் பார், கதவைத் திற என்பாள்.

நீங்கள் ஊற்றிய பிறகு அவள் யார் கனவிலும் வரவில்லை. அடங்கிவிட்டாள் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். அவள் ஆசி உங்களுக்கு நிறைய இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது வேன் வேண்டாம். படகுத்துறையில் இறங்கி அகஸ்டா வீடு என்று சொன்னால் யாராவது கொண்டுவந்து விடுவார்கள்.

அவளுக்குப் பிள்ளைகள் இரண்டு. சின்னவள் நான். மூத்தவரைப் பற்றி நான் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நிற்கிறாரே, அவரைக் கேளுங்கள்.

உங்கள் நாத்தனார்,
வெல்மா